கானுக்குள் நின்ற கறுப்புத் தொரை

பிள்ளைகளா, அன்றைக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் நீங்கள் இரண்டு பேரும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து மற்றப் பிள்ளைகளைவிடச் சத்தமாகவே தட்டினீர்கள். நான் பின்னால் சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மைக்கில் பேசுகிற வயதானவர் சிரித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அவர் நிறுத்தினால் கைதட்டுவார்கள். உங்களுக்கு என்ன தெரியும், நான்தான் எதுவும் சொல்லி வைக்கவில்லையே. ஆனால் நீங்கள் தட்டிய இடம் எது தெரியுமா? உங்கள் தாத்தாவுக்குச் செய்த துரோகத்தை, அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீசுக்குத் தலைமை எழுத்தராக இருந்த பெரிய கிளாக்கர் வேடிக்கையாகச் சொல்லி முடித்த இடம்.

அந்தக் கைதட்டலை இனித் திருப்பி எடுக்க முடியாது. அதனால் எழுதி வைக்கிறேன். எனக்கு எழுத்து வரும், படிப்புத்தான் குறைவு. கடைப் பலகை, பஸ் முகப்பு, கோயில் வளைவு என்று நோர்வூட்டிலிருந்து ஹட்டன் வரைக்கும் என் கை எழுதின பெயர்கள் தொங்குகின்றன. இப்படிப் பக்கம் பக்கமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் யாரும் திருத்த விடாதீர்கள்.

விஷயம் இதுதான். நம் பள்ளிக்கூடத்துப் புது நூலகத்துக்குப் பெரிய கிளாக்கரின் பெயரை வைப்பதாக அந்தக் கூட்டத்தில் முடிவு செய்தார்கள். பலகை எழுதும் வேலை என்னிடம் வந்தது. அந்தப் பெயர் அங்கே ஏன் இருக்கக் கூடாது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்போது எனக்குச் சின்னவனுடைய வயது இருக்கும். என் அப்பா தோட்டத்துத் தபால்காரர். தபால்காரர் என்றால் அரசாங்க உத்தியோகம் இல்லை. காலையில் தோட்டத்து ஆபீசிலிருந்து பையை வாங்கிக்கொண்டு நோர்வூட் போஸ்ட் ஆபீசுக்கு நடந்து போவார். மத்தியானம் வேறு கடிதங்களோடு திரும்பி வருவார். வெயிலும் மழையும் ரோட்டில்தான். ஆனாலும் மலையில் வேலை செய்கிறவர்கள் அவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். கங்காணி சத்தம் போட முடியாத வேலை அது.

அந்தப் பை தடித்த பழுப்புத் தோல். வாயில் பித்தளைப் பூட்டு. பூட்டுக்கு ஒரு சாவி ஆபீசில், இன்னொன்று போஸ்ட் ஆபீசில். சுமக்கிற அப்பாவிடம் சாவி கிடையாது. நனைந்த தோலும் முத்திரை அரக்கும் கலந்த ஒரு வாசம் அதற்கு இருந்தது. அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டாலும் தோளில் அந்த வாசம் இருக்கும். இப்போதும் எங்கேயாவது அரக்கு உருக்கினால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

அப்பா நோர்வூட்டுக்குப் போவதால்தான் நான் டவுன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அப்போது ஒரே அறை, ஒரே மாஸ்டர், அஞ்சாம் வகுப்போடு கதவு சாத்திவிடும். டவுனுக்குப் போகிற வழியில் ஆறு இருக்கிறது, காட்டுப் பன்றி வருகிற இடம் இருக்கிறது. சின்னப் பையனைத் தனியாக அனுப்ப என் அம்மா சம்மதிக்கமாட்டாள். அப்பா போகும்போது கூடப் போவேன், அவர் திரும்பும்போது கூட வருவேன். அப்பாவின் தோளில் அந்தப் பை தொங்குகிற வரைக்கும்தான் எனக்குப் படிப்பு என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும்.

வெள்ளைக்காரத் தொரைமார் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டது. பங்களாவில் நம் நாட்டுத் தொரை. ஆனால் தொரை என்ற சொல் மாறவில்லை, தொரை வண்டி வந்தால் ரோட்டை விட்டு ஒதுங்கிக் கானுக்குள் இறங்கி நிற்கிற பழக்கமும் மாறவில்லை. கான் என்றால் ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓடுகிறதே, அதுதான். ஆண்கள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். பெண்கள் கூடையோடு இறங்குவார்கள். தொரைக்கு மட்டுமில்லை, பெரிய கிளாக்கரின் மோட்டார் சைக்கிளுக்கும் அப்படித்தான். அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லாரும் சீக்கிரமாக இறங்குவார்கள்.

அந்த மழைக்காலத்தில் தோட்டம் பரபரப்பாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து பொருளாதாரம் படித்த ஒரு பெரிய மனிதரை அரசாங்கம் அழைத்திருக்கிறது, தேயிலைத் தோட்டங்களைப் பார்த்து யோசனை சொல்ல வருகிறார், நம் தோட்டத்தில்தான் தங்கப்போகிறார் என்று காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் சொன்னார்கள். பெரிய கிளாக்கர் வாழைமரம் கட்டச் சொன்னார். மாலை கட்டச் சொன்னார். ஆபீஸ் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் பூந்தொட்டிகள் வைக்கச் சொன்னார். பின்னால் இருக்கிற லயங்களுக்கு ஒன்றும் கிடையாது, அந்தப் பக்கம் விருந்தாளியைக் கூட்டிப் போகிற யோசனையே அவருக்கு இல்லை. எங்கள் ஒற்றை அறைக் காம்பரா பின் லயத்தில்தான் இருந்தது.

விருந்தாளி வருகிற அன்றைக்கு ஜீப்போடு டிரைவரை ஹட்டன் ஸ்டேசனுக்கு அனுப்பினார்கள். டிரைவர் ரயில் வருகிறவரை நின்று, ரயில் போன பிறகும் நின்று, வெறும் ஜீப்போடு திரும்பிவிட்டார். கேட்டதற்கு, ரயிலில் வெள்ளைக்காரர் யாரும் இறங்கவில்லை என்றாராம்.

இறங்கினவர் கறுப்பு. நம்மைவிடக் கறுப்பு. சுருட்டை முடி நரைத்திருந்தது. நீளமான மழைக்கோட்டு, கையில் ஒரு சின்னப் பெட்டி. டிரைவர் அவரைத் தாண்டித்தான் வெள்ளைக்காரரைத் தேடியிருக்கிறார். அவர் கொஞ்ச நேரம் ஸ்டேசனில் நின்றுவிட்டு, யாரையோ விசாரித்து, பஸ் ஏறி நோர்வூட்டுக்கு வந்துவிட்டார். போஸ்ட் ஆபீசுக்கு முன்னால் அப்பாவும் நானும் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது வந்து எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டார்.

அப்பா முன்பு பங்களாச் சமையலறையில் எடுபிடியாக இருந்தவர், உடைந்த இங்கிலீசு பேசுவார். வழி கேட்டவர்தான் விருந்தாளி என்று தெரிந்ததும் அப்பா பதறிப்போய்ப் பெட்டியைக் கேட்டார். அவர் கொடுக்கவில்லை. நீங்கள் ஏற்கெனவே பை சுமக்கிறீர்களே என்றாராம். ரோட்டு வழி தூரம், மழை இருட்டிக்கொண்டு வந்தது. அதனால் அப்பா தினமும் வருகிற குறுக்குப் பாதையில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். உங்கள் தாத்தா செய்த குற்றம் அவ்வளவுதான். மழை வருகிறதென்று ஒரு மனிதரைக் கிட்டத்து வழியில் கூட்டிக்கொண்டு வந்தார்.

குறுக்குப் பாதை பின் லயத்தில் வந்து முட்டும். நாங்கள் வந்து சேரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. அப்பா தயங்கி நிற்க, அவராகவே எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் ஏறி நின்றார். அம்மா அன்றைக்குக் காய்ச்சல் என்று மலைக்குப் போகவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தவள் அவரைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நம்ம ஆளு மாதிரித்தானே இருக்காரு. திருச்சிப் பக்கமான்னு கேளுங்க."

அப்பா பல்லைக் கடித்தார். ஆனால் கேட்டார். அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தான் கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவிலிருந்து வருவதாகச் சொன்னார். தன் ஆட்களை ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தார்களாம். அவர்களுக்கு விடுதலை கொடுத்த பிறகு, அந்தக் கரும்பை வெட்ட இந்தியாவிலிருந்து ஆட்களைக் கப்பலில் கொண்டு வந்தார்களாம். எங்கள் பக்கத்திலும் மாரியம்மன் கோயில் இருக்கிறது, தப்பு அடிப்பார்கள், சின்ன வயதில் அந்தச் சத்தத்துக்கு நான் ஓடிப்போய் நிற்பேன் என்றார். சொல்லிவிட்டுத் தன் பெட்டியின்மேல் விரலால் தட்டிக் காட்டினார். நம் கோயிலில் அம்மன் புறப்படும்போது அடிக்கிற அதே அடி. அம்மா வாயில் கைவைத்துக்கொண்டாள்.

பாலில்லாத தேயிலைச் சாயத் தண்ணி கொடுத்தாள். உள்ளங்கையில் சீனி வைத்துக்கொண்டு நாங்கள் நக்கிக் குடிப்பதைப் பார்த்து அவரும் கையை நீட்டினார். குடித்துக்கொண்டே கேள்வி கேட்டார். எல்லாம் சாதாரணக் கேள்விகள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், பீலிக் குழாயில் தண்ணீர் எப்போது நிற்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள். அவர் கேட்டு முடித்ததும் அம்மா தன் கேள்வியைக் கேட்டாள்.

"வருசம் பூரா கொழுந்து எடுக்கிறோம். எங்க கூலி மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது? நாங்க சோம்பேறிங்கன்னு கிளாக்கரையா சொல்றாரு. அது நெசமான்னு கேளுங்க."

அதைச் சொல்ல அப்பாவுக்குப் பயம். அம்மா விடவில்லை. அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, நீங்கள் இந்த வேலையை விட்டால் இந்த இடத்துக்கு வர எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று கேட்டார். நிறையப் பேர் என்றார் அப்பா. அவர்கள் இப்போது என்ன சாப்பிடுகிறார்கள்? ஒன்றுமில்லை என்றார் அப்பா. அப்படியானால் உங்கள் கூலி அதுதான், அந்த ஒன்றுமில்லாததுக்கு மேலே ஒரு சிட்டிகை என்றார் அவர். முதலாளி உங்கள் கூடையைப் பார்த்துக் கூலி போடுவதில்லை. உங்களுக்குப் பின்னால் நிற்கிறவருடைய பசியைப் பார்த்துத்தான் போடுகிறார். அவருடைய வயிறு நிறைந்தால்தான் உங்கள் கூலி ஏறும். நீங்கள் இன்னும் வேகமாக எடுத்தால், தூர தேசத்தில் தேத்தண்ணி குடிக்கிறவருக்கு விலை குறையும், உங்களுக்கு ஒன்றும் ஏறாது. நீங்கள் சோம்பேறி இல்லை. எங்கள் தீவில் கரும்பு வெட்டினவர்களையும் இப்படித்தான் சொன்னார்கள்.

அப்பா திக்கித் திக்கி இதையெல்லாம் தமிழில் சொன்னார். அம்மா யோசித்தாள்.

"அப்ப நான் மெதுவா எடுத்தா என்னவாம்?"

இதை அப்பா மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் அந்தச் சிரிப்பு.

மழை விட்டதும் ஆபீசுக்குப் புறப்பட்டோம். பின் லயத்தைத் தாண்டி, ஓட்டை விழுந்த கக்கூஸ்களைத் தாண்டி, ஒரே ஒரு பீலியில் வரிசையாக நின்ற குடங்களைத் தாண்டி நடந்தார். எல்லாவற்றையும் பார்த்தார், எதையும் கேட்கவில்லை. ரோட்டுக்கு ஏறினோம். மலையிலிருந்து கூடையோடு இறங்கின பெண்கள் கூட வந்தார்கள். யாரோ ஒரு அத்தை, தபாலு புதுசா ஒரு அண்ணனைக் கூட்டியாருது என்று கேலி பேச எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அத்தனை பேரும் ஒரே எட்டில் கானுக்குள் இறங்கினார்கள். பழக்க தோசத்தில் அப்பாவும் பையோடு இறங்கினார், நானும் இறங்கினேன். ரோட்டில் அந்த மனிதர் மட்டும் நின்றார். மேலே தனியாக நின்று எங்களைப் பார்த்தார். பிறகு மழைக்கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் கானுக்குள் இறங்கி அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார். செந்தண்ணீர் அவருடைய சப்பாத்துக்குள் போனதை நான் பார்த்தேன்.

பெரிய கிளாக்கர் வண்டியை நிறுத்தினார். விருந்தாளியைக் காணாத பதற்றம் அவருக்கு. அந்த நேரத்தில் தோட்டத்துக்குள் அனுமதி இல்லாமல் ஒரு வெளியாள்.

"யார்ரா இவன்? எந்தத் தோட்டத்து ஆளு? யாரைக் கேட்டுடா லயத்துக்குள்ள கூட்டியாந்த?"

அப்பா ஐயா ஐயா என்பதற்குள் அவர் இறங்கி வந்து அந்த மனிதரின் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தார். பூட்டு தெறித்தது. சட்டைகளும் காகிதங்களும் சேற்றில் விழுந்தன. கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்தார். அந்த மனிதர் கையை ஓங்கவில்லை, கத்தவுமில்லை. தன் பெயரையும், அரசாங்கத்தில் தன்னை அழைத்தவரின் பெயரையும் இங்கிலீசில் அமைதியாகச் சொன்னார். காலரைப் பிடித்த கை தானாகக் கீழே விழுந்தது. பெரிய கிளாக்கர் சேற்றில் முட்டிபோட்டு அந்தக் காகிதங்களைப் பொறுக்கினார். கானுக்குள் நின்ற பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் நாங்கள் விலை கொடுத்தோம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். தபால்காரன் வேண்டுமென்றே விருந்தாளியைப் பின் லயத்து வழியாகக் கூட்டி வந்து தோட்டத்தின் மானத்தை வாங்கிவிட்டான் என்று தொரையிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அதோடு, விருந்தாளியே அப்பாவைப் பற்றிப் புகார் சொன்னார், அசுத்தமான வழியில் கூட்டி வந்து மழையில் நனைய வைத்தான் என்றார் என்றும் பெரிய கிளாக்கர் சேர்த்துச் சொன்னார். பிறகு மேசையைத் தட்டினார்.

"பையைக் கழட்டி வை. நாளையிலருந்து கவ்வாத்து மலைக்குப் போ."

"ஐயா, மகன் டவுன் பள்ளிக்கூடம் போறான்."

"போயி? படிச்சு என் கதிரையில ஒக்காரப் போறானா?"

அப்பா பையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பித்தளைப் பூட்டு மரத்தில் பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

விருந்தாளி போன அன்றைக்கு நான் பெரியவர்களுக்குப் பின்னால் மறைந்து கானுக்குள் நின்றேன். ஜீப்பில் பின்னால் அவர், முன்னால் பெரிய கிளாக்கர். ஜீப் மெதுவாகப் போனது. அவர் கண்ணாடியோடு முகத்தை வைத்து வரிசையில் நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். பெரிய மனிதர் கர்வமாகப் பார்க்கிறார் என்று பெண்கள் முனகினார்கள். கருவாயன் வந்தான், நம்ம தபாலு வேலை போச்சு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் தேயிலைக் கிளை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு வந்த அப்பா கேட்டார்.

"என்னைக் கேட்டாராடா?"

இல்லை என்றேன். அப்பா தலையாட்டிக்கொண்டு பீலிக்குக் கழுவப் போனார்.

என் டவுன் பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடமும் கொஞ்ச நாளில் அஞ்சாம் வகுப்போடு எனக்குக் கதவைச் சாத்திக்கொண்டது. அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை பழக்கமில்லை. வாதுகளை வெட்டி வெட்டிக் கை முழுக்கக் கீறல், குளிரில் அது வெடிக்கும். எங்கள் வாயில் கறுப்புத் தொரை ஆகிவிட்ட அந்த விருந்தாளியைப் பற்றிக் கடைசி நாள் வரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. பெரிய மனுசங்க அப்படித்தான் என்று மட்டும் சொல்வார். தன் வீட்டில் தேத்தண்ணி குடித்தவர் தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்று நம்பிக்கொண்டே செத்தார். என் அம்மா மட்டும் நம்பவில்லை. கங்காணி சோம்பேறி என்று திட்டினால், அது என் கையில இல்ல, எனக்குப் பின்னால நிக்கிறவன் வயித்துல இருக்கு என்பாள். கங்காணிக்கு ஒன்றும் புரியாது.

நான் ஹட்டனுக்குப் போய் ஒரு பலகைக் கடையில் தூரிகை கழுவி எழுத்துப் படித்தேன். உங்கள் தாத்தாவைக் கவ்வாத்து மலைக்கு அனுப்பின கை, ஓய்வு பெற்று, ஹட்டனில் வீடு கட்டி, கோயில் கமிட்டியில் உட்கார்ந்து, ஊருக்குப் பெரியவர் ஆனது. நான் அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சைக்கிளை விட்டு இறங்காமல் போவேன். வேறு ஒன்றும் செய்ய எனக்கு வழியில்லை.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன். யூனிவர்சிட்டிக் கம்பஸில் படித்த உங்கள் டீச்சர் முதலில் பேசினாரே, நினைவிருக்கிறதா? ஒரு சின்னத் தீவில் பிறந்த கறுப்பர், இளம் வயதில் அங்கே ஒரு கரும்புத் தோட்டத்து ஆபீசில் எழுத்தர் வேலை கேட்டுப் போனார், இந்தக் கதிரை உன் நிறத்துக்கு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்றார். கடல் தாண்டிப் போய்ப் படித்தார். கறுப்பர் ஒருவர் பாடம் நடத்துவதா என்று எழுந்து போன வெள்ளைக்காரப் பிள்ளைகள் இருந்த காலத்தில் கரும்பலகைக்கு முன்னால் நின்றார். ஏழை நாடு ஏன் ஏழையாகவே இருக்கிறது, அங்கே உழைக்கிறவனுக்கு ஏன் மிஞ்சுவதில்லை என்று அவர் எழுதினதைத்தான் இன்றைக்கும் கம்பஸில் படிக்கிறார்கள். விடுதலை பெற்ற நாடுகள் ஒவ்வொன்றாக அவரை அழைத்தன. கடைசியில் அவருடைய தீவிலேயே, கதிரை இல்லை என்று சொன்ன தோட்டத்து முதலாளிமார் கோப்புகளோடு வந்து அவருக்கு முன்னால் நின்று பதில் சொன்னார்களாம். அதைக் கேட்டபோது என் நெஞ்சு குளிர்ந்தது. அவர் எப்படிப் பழி தீர்த்தார் பாருங்கள்.

பிறகு டீச்சர் சொன்னார், அவர் இறந்த பிறகு அவரிடம் படித்தவர்கள் சேர்ந்துதான் இந்த நூலகத்துக்கு உதவி அனுப்பியிருக்கிறார்கள் என்று. ஏன் இந்தத் தோட்டத்துக்கு என்று கேட்டதற்கு, இங்கே ஒரு தபால்காரரைப் பற்றி அவர் வகுப்பில் அடிக்கடி சொல்வார், தன்னோடு நடந்து வந்த அந்த மனிதரை மறுநாளே இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று வருத்தப்படுவார் என்று எழுதியிருந்தார்களாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா இந்தியாவையே பார்த்ததில்லை.

அடுத்து மைக்கைப் பிடித்தவர் பெரிய கிளாக்கர். அந்த மேதையைத் தன் கையால் மாலை போட்டு வரவேற்றதாகச் சொன்னார். பிறகு சிரித்தார்.

"போற வரைக்கும் அவருக்கு ஒரே கேள்விதான். அந்தத் தபால்காரர் எங்க, நான் பாக்கணும்னு. நானா விடுறது? ஒரே வார்த்தையில தபால்காரனை இந்தியாவுக்குக் கப்பலேத்திட்டேன்."

நீங்கள் கைதட்டினீர்கள். அந்தக் காலத்தில் இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில் சனங்கள் கூட்டம் கூட்டமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அதனால் கறுப்புத் தொரையும் பிற்பாடு நம்பிவிட்டார். ஜீப் கண்ணாடியில் முகத்தை வைத்து அவர் யாரைத் தேடினார் என்று எனக்கு அந்தச் சுவரோரம்தான் தெரிந்தது. கேட்டாராடா என்று கேட்ட மனிதருக்குப் பதில் சொல்ல இனி வழியில்லை.

கூட்டம் முடிந்து பள்ளிக்கூடத்து அதிபரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புத் தொரையின் பெயரை வையுங்கள் என்றேன். அவர் கெட்டவரில்லை, ஆனால் பயந்தவர். "அண்ணே, கட்டடத்துக்குச் சீமெந்தும் ஓடும் குடுத்தது ஐயாதான். வயசான மனுசன். பேரு தானே, விடுங்க" என்றார். என் தொழிலே பேர் எழுதுவதுதான் சார் என்றேன். அவர் கையைப் பிசைந்தார். பலகைக்கு முன்பணம் கொடுக்கப் பார்த்தார், நான் வாங்கவில்லை. இலவசமாக எழுதித் தருகிறேன் என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பலகையை இரண்டு தடவை எழுதினேன். முதலில் இனாமல் பெயின்ட்டில், வெள்ளைமேல் நீல எழுத்தில், கறுப்புத் தொரையின் முழுப்பெயர். அதற்குக் கீழே, இந்தத் தோட்டத்துத் தபால்காரரோடு நடந்து வந்தவர் என்று ஒரு வரி. நன்றாகக் காய விட்டேன். அதற்கு மேல், எலெக்சன் காலத்தில் மதிலில் எழுதுகிற தூள் சாயத்தைத் தண்ணீரில் குழைத்து, கொஞ்சம் பிசின் விட்டு, முழுக்கப் பூசி மறைத்தேன். அந்தப் பூச்சின்மேல் அதே தூள் சாயத்தில் பெரிய கிளாக்கரின் பெயரை எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக ஒரு பெயரை எழுதியதில்லை. நாலு மழைக்குத் தாங்காது.

பலகையை மாட்டின அன்றைக்கு அவரை வேனில் கொண்டு வந்து கைத்தாங்கலாக இறக்கினார்கள். அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கினார். யார் எழுதியது என்று கேட்டு என் தோளில் கை வைத்தார். ஒரு கணம், இந்தக் கிழவர் மன்னிப்பாக ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"நீ தபாலு மகன்தானே? அவன் கடைசி வரைக்கும் தபால் வேலையிலதானே இருந்தான்?"

அவர் நடிக்கவில்லை. மறந்தே போயிருந்தார். எங்கள் வீட்டையே கவிழ்த்த அந்தச் சாயங்காலம் அவருக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளுமளவுக்குப் பெரிய விஷயமாக இருந்ததில்லை. ஆமாங்கய்யா என்றேன்.

பலகை நனையக் கூடாதென்று அதிபர் அன்றைக்கே அதற்கு மேலே ஒரு தகரத்தைக் கூரைபோலச் சாய்த்துத் திருகாணி போட்டு மாட்டிவிட்டார். நல்ல மனிதர், நான் மனதுக்குள் திட்டினேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு எல்லாரும் இறங்கிப் போன பிறகு நான் தனியாக ஏறிப் போனேன். மஸ்கெலியாப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வகுப்பில் பிள்ளைகள் உட்காருகிற வாங்கு ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தகரத்தைச் சத்தமில்லாமல் இறக்கிச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்து, நம் கோழிக்கூட்டின்மேல் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் நாலு பக்கமும் கல் வைத்தேன்.